விளக்கொளியில் படியெடுத்த அஜந்தா

ஐதராபாத் பப்ளிக் கார்டன்ஸ் வளாகத்திலுள்ள மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அஜந்தாவுக்கென்று ஒரு கூடம் உண்டு. அங்கிருப்பவை மூல ஓவியங்கள் அல்ல. நிஜாம் ஆட்சிக் காலத்தில் சையது அகமது உள்ளிட்ட ஓவியர்கள் குகைச் சுவர்களைப் பார்த்துத் தீட்டிய படிகள். அக்கூடத்துக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். எந்தக் குகையின் ஓவியம் இது? மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமானது? நான் இங்கே எழுப்ப விரும்புவது மூன்றாவது கேள்வி. இந்தப் படிகளைத் தீட்டியவர்கள் மூலத்தை எந்த வெளிச்சத்தில் பார்த்தார்கள்?

சிறியதாகத் தோன்றும் இக்கேள்வி முதலிரண்டு கேள்விகளையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுடரொளியில் மட்டுமே தெரியும் ஒரு பொருளை ஓவியமாக்குவது ஓவியர்களுக்குப் பழைய சிக்கல். மெழுகுவர்த்தி ஒன்றின் ஒளி, ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு லக்ஸ் அளவே இருக்கும். தொலைவு இருமடங்கானால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். இன்றைய அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு அனுமதிக்கும் 50 லக்ஸ் என்னும் ‘மங்கலான’ அளவோடு ஒப்பிட்டாலும் அது மிகக் குறைவு. அளவு மட்டுமன்றி நிறமும் வேறு. மெழுகுவர்த்திச் சுடரின் நிற வெப்பநிலை 1900 கெல்வின் அளவில் இருக்கிறது. நண்பகல் வெளிச்சம் 5500 கெல்வினை ஒட்டியது. சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகவும் குறைவு. ஆகவே சுடரொளியில் நீலம் கருமையை நோக்கிச் சாயும். வெள்ளையையும் வெளிர் மஞ்சளையும் வேறுபடுத்துவது கடினமாகும். பச்சை மங்கும். காவி மட்டும் செழித்து நிற்கும்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றுண்டு. ஓவியன் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. தன் வண்ணத்தட்டையும் திரையையும் பார்த்தாக வேண்டும். அவற்றை எந்த ஒளியில் பார்ப்பது? பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் கோட்ஃபிரீட் ஸ்கால்கென் (1643–1706) மெழுகுவர்த்திக் காட்சிகளுக்குப் பெயர்பெற்றவர். பொருளையும் மெழுகுவர்த்தியையும் இருட்டறைக்குள் வைத்துவிட்டு, சிறு துளை வழியாக அதைப் பார்த்தபடி, தாம் பகல் வெளிச்சத்தில் இருந்து தீட்டினார் என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் பதிவு செய்துள்ளார். இந்த ஏற்பாட்டில் பொருளுக்கு ஓர் ஒளி, திரைக்கு வேறோர் ஒளி. அதனால் சுடரின் மஞ்சளும் ஓவியத்தின் ஒரு பகுதியாகத் திரைக்கு வந்துசேரும். ஸ்கால்கெனுக்கு அதுவே நோக்கம். ஆனால் சுவரில் உள்ள நிறத்தை உள்ளவாறே பதிவு செய்ய முற்படும் ஒருவருக்கு அதுவே இடையூறு.

அஜந்தாவில் படியெடுத்தோர் எதிர்கொண்டது இரண்டாவது வகைச் சிக்கல்.

1819 ஏப்ரல் 28 அன்று, மதராஸ் குதிரைப்படை அதிகாரியான ஜான் ஸ்மித் வேட்டைக்குச் சென்றபோது வாகோரா ஆற்றின் வளைவில் இந்தக் குகைகளைக் கண்டார். பத்தாம் குகையில் அவர் கீறிவைத்த பெயரும் தேதியும் இன்றும் உள்ளன. ஒன்று, இரண்டு, பதினாறு, பதினேழு ஆகிய குகைகளிலேயே ஓவியங்கள் மிகுதியாக எஞ்சியுள்ளன. இவை நான்கும் விகாரங்கள். முன்புறம் தாழ்வாரம், அதையடுத்து வாயில்களும் சாளரங்களும், உள்ளே தூண்கள் சூழ்ந்த சதுரமான கூடம், பின்சுவரின் நடுவே புத்தர் கருவறை என்பது இவற்றின் பொது அமைப்பு. வெளிச்சம் முன்புறத்திலிருந்து மட்டுமே வரும். முதல் குகையின் கூடம் பக்கத்துக்கு ஏறத்தாழ 64 அடி. உலகம் முழுதும் அறிந்த பத்மபாணி ஓவியம் அக்கூடத்தின் பின்சுவரில், வாயிலிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் இருக்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் பகலொளி சில மணி நேரம் உதவலாம். மற்ற நேரங்களில் உட்சுவர்களை விளக்கு கொண்டே பார்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சூழலில்தான் படியெடுப்பின் வரலாறு தொடங்குகிறது. மதராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில், 1844-இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் இப்பணிக்கு அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கணக்கில் உழைத்து அவர் தீட்டிய பெரிய எண்ணெய்வண்ணப் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. சிடனம் கிரிஸ்டல் பேலஸில் 1866 டிசம்பரில் ஏற்பட்ட தீயில், ஒருசில தவிர, அவை அழிந்தன. பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், பெஸ்தோன்ஜி போமன்ஜி முதலிய மாணவர்களுடன் 1872-இல் மீண்டும் தொடங்கினார். பணி இடையீட்டுடன் 1885 வரை நீண்டது. அந்தப் படிகளிலும் நூற்றுக்கு மேற்பட்டவை 1885-இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் ஏற்பட்ட தீயில் சேதமுற்றன. எஞ்சியவற்றைக் கொண்டு கிரிஃபித்ஸ் 1896–97-இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார்.

மூன்றாவது முயற்சியில் ஐதராபாத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. அஜந்தா அப்போது நிஜாம் அரசின் ஔரங்காபாத் பகுதியில் இருந்தது. 1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களில் ஆங்கில ஓவியர் கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் அங்கு முகாமிட்டார். கல்கத்தாவிலிருந்து நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், சமரேந்திரநாத் குப்தா, வெங்கடப்பா ஆகியோர் வந்தனர். ஐதராபாத்திலிருந்து சையது அகமதுவும் முகம்மது பஸ்லுத்தீனும் சேர்ந்தனர். இக்குழுவின் படிகள் 1915-இல் லண்டன் இந்தியா சொசைட்டி வெளியீடாக வந்தன. கல்கத்தாக் குழுவைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. ஐதராபாத் ஓவியர் இருவரும் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் மற்றவர்கள் ஓரிரு பருவங்களில் திரும்பிச் சென்றபின், அந்தச் சுவர்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் சையது அகமதுவே. 1914-இல் ஐதராபாத் அரசு தொல்லியல் துறையை நிறுவி, குலாம் யஸ்தானியை அதன் இயக்குநராக்கியது. அத்துறையின் கீழ் சையது அகமது அஜந்தாவின் காப்பாளராகப் பணியாற்றினார். யஸ்தானியின் ‘அஜந்தா’ 1930-க்கும் 1955-க்கும் இடையில் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. வண்ண நிழற்படங்களை அடிப்படையாகக் கொண்ட அத்தொகுதிகள், படியெடுப்பின் காலம் முடிந்து நிழற்படத்தின் காலம் பிறந்ததைக் காட்டுகின்றன.

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். குகைக்குள் படியெடுப்பவருக்கு வாய்க்கக்கூடிய ஒளிநிலைகள் மூன்று.

முதலாவது, சுவரும் தாளும் ஒரே பகலொளியில் இருப்பது. தாழ்வாரத்திலும் வாயிலை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுமே இது இயலும். நிறப்பிழை இங்கே குறைவு.

இரண்டாவது, சுவரும் தாளும் ஒரே விளக்கின் ஒளியில் இருப்பது. பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று தோன்றும். அது பாதி உண்மையே. வேறுவேறு வண்ணப்பொருள்களால் ஆன இரண்டு நிறங்கள் ஓர் ஒளியில் ஒன்றாகத் தெரிந்து, மற்றோர் ஒளியில் பிரிந்து தெரியலாம். சுவரில் இருப்பது காவிமண், மஞ்சட்காவி, பச்சைமண், சுண்ணாம்பு அல்லது வெண்களிமண், லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல், விளக்குக்கரி ஆகியவை. படியெடுப்பவரின் பெட்டியில் இருப்பது கடையில் வாங்கிய வண்ணம். விளக்கருகே கச்சிதமாகப் பொருந்திய இணை, வெளியே கொண்டுவந்ததும் பொருந்தாமல் போகலாம். குறிப்பாக நீலத்தையும் கருப்பையும், வெள்ளையையும் வெளிர்மஞ்சளையும் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, சுவரை விளக்கொளியில் பார்த்து, தாளில் பகலொளியில் தீட்டுவது அல்லது திருத்துவது. இது ஸ்கால்கெனின் நிலை. சுடரின் மஞ்சள் இங்கே படிக்குள் நுழையும்.

இந்தப் பிழைகளைப் படியெடுப்பவர் தாமே உணர்வது அரிது. மனிதக் கண் சூழலின் ஒளிக்குப் பழகி, அதன் நிறத்தைக் கழித்துவிட்டே பொருளின் நிறத்தைக் கணிக்கிறது. விளக்கின் முன் அரைமணி நேரம் அமர்ந்தவருக்கு வெள்ளை வெள்ளையாகவே தெரியும். கவனக்குறைவினால் நேர்ந்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. எவ்வளவு கவனமான கண்ணையும் இது ஏமாற்றும்.

ஒளி மட்டும் காரணமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படியெடுத்தோர், மங்கிய பகுதிகள் தெளிவாகத் தெரியவேண்டி மூலச் சுவரின் மீதே வார்னிஷ் பூசினர். பிறகு 1920–22-இல், ஐதராபாத் அரசின் அழைப்பின் பேரில் இத்தாலிய வல்லுநர் லொரென்சோ செக்கோனி, ஓர்சினி என்னும் உதவியாளருடன் வந்து, உதிரும் நிலையிலிருந்த சாந்தை நிலைப்படுத்தினார். பல பகுதிகள் இன்றுவரை சுவரில் நிற்பதற்கு அப்பணியே காரணம். ஆனால் அப்போது பூசப்பட்ட அரக்குப் பூச்சு, காலப்போக்கில் மஞ்சளித்துப் பழுப்பேறியது. அதை நீக்கும் பணி, குகைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்த பின்னர் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. எனவே இருபதாம் நூற்றாண்டின் பார்வையாளருக்கும் அஜந்தாவுக்கும் இடையே இரண்டு மஞ்சள் திரைகள் இருந்தன. ஒன்று விளக்கினுடையது, மற்றொன்று வார்னிஷினுடையது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ப்பவை.

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்நிலை அறிமுகமானதே. ஒரு நூலின் பல சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவை ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கிறோம். பொதுப்பிழை பொது மூலத்தைக் காட்டுகிறது. அஜந்தாவின் படிகளை அவ்வாறு அணுகினால் ஒரு வேறுபாடு புலப்படும். இங்கே தாய்ச்சுவடி ஒன்றே, அது சுவர். ஆகவே படிகளிடையே காணும் பொதுப்பிழை, பொதுவான மூலத்தைக் காட்டாது. பொதுவான சூழலைக் காட்டும். பல கைகள், பல பத்தாண்டுகள், பல பாணிகள் ஆகியவற்றைத் தாண்டி நிறங்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், அதைப் படியெடுத்தவரின் கைத்திறனோடு மட்டும் தொடர்புபடுத்துவது பொருந்தாது. அவர் அருகில் எரிந்த விளக்கையும் அப்போது சுவரின்மேல் இருந்த பூச்சையும் கேட்க வேண்டும்.

இதைக் கேட்காததன் விளைவு சிறியதன்று. ‘அஜந்தாவின் பொன்பழுப்பு’ என்பது இந்தியக் கலை பற்றிய நம் பொதுக் கற்பனையில் ஊறிப்போன ஒன்று. நூல் அட்டைகள், நாட்காட்டிகள், மேடைத்திரைகள் எல்லாம் அந்த நிறத்தையே ‘பழமை’ என்று பயன்படுத்தின. 1991-இல் பினாய் கே. பெல், கூடுதல் விளக்குகள் இன்றி, குகைக்குள் இயல்பாக இருக்கும் மங்கிய ஒளியையே நெடுநேரம் படியவிட்டு எடுத்த நிழற்படங்கள் வெளிவந்தபோது, பலரையும் வியப்பில் ஆழ்த்தியது அவற்றின் நிறச்செறிவே. தூய்மைப்படுத்திய பகுதிகளிலும் வெண்மையும் நீலமும் பச்சையும் மீண்டன. நூறாண்டுக் கலைவரலாற்றுச் சொற்களில் எவ்வளவு பங்கு அஜந்தாவைப் பற்றியது, எவ்வளவு பங்கு அஜந்தாவுக்கு முன் பிடித்த விளக்கைப் பற்றியது என்று பிரித்தறிய வேண்டிய கடமை இப்போது நமக்கு இருக்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அது வலுவானது என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் இக்கூடங்களில் தங்கிய துறவியரும் வழிபட வந்தோரும் பின்சுவரை எந்த வெளிச்சத்தில் பார்த்திருப்பார்கள்? அவர்களிடம் மின்விளக்கு இல்லை. அந்தி சாய்ந்தபின் அவர்கள் பார்த்தது எண்ணெய் விளக்கின் ஒளியில்தான். அப்படியானால் விளக்கொளியில் தெரியும் அஜந்தா பிழையானது என்றும், சீரான வெண்ணொளியில் தெரியும் அஜந்தாவே மெய்யானது என்றும் எவ்வாறு சொல்ல முடியும்?

ஓவியத்தின் அமைப்பே இவ்வாதத்துக்கு ஓரளவு துணைநிற்கிறது. அஜந்தாவின் உருவங்களில் விழுநிழல் இல்லை. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்குத்தண்டிலும் உதட்டிலும் தாடையிலும் வைத்த வெண்தீற்றல்கள் உருவத்தின் மேடுகளைக் காட்டுவன, விளக்கின் திசையைக் காட்டுவன அல்ல. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரம், பத்ரஜம், ஐரிகம், பிந்துஜம் என மூவகை வர்த்தனையைக் குறிப்பிடுகிறது. கோடுகளாலும் மெல்லிய சாயலாலும் புள்ளிகளாலும் பள்ளமும் மேடும் தோற்றுவிக்கும் முறைகள் அவை. ஸ்கால்கெனின் ஓவியத்தில் மெழுகுவர்த்தி ஓவியத்துக்குள் இருக்கிறது. அஜந்தாவில் விளக்கு ஓவியத்துக்கு வெளியே, பார்ப்பவரின் கையில் இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது பத்மபாணியின் முத்துகள் புடைத்தெழுவதைக் குகை வழிகாட்டிகள் காட்டுவதுண்டு. நகரும் அந்த ஒளியைத் தட்டையான வண்ண நிழற்படம் தருவதில்லை. இன்னொன்றையும் நினைவிற்கொள்ளலாம். கண்ணிமையையும் கூந்தலையும் வரைந்த அந்தக் கருப்பே விளக்குக்கரி, எரிந்த சுடர் விட்டுச்சென்ற நிறம்.

ஆகவே என் முடிவு, பகலொளிப் படி சரி, விளக்கொளிப் படி தவறு என்பதன்று. இரண்டும் சாட்சிகள். ஒன்று வண்ணப்பொருளுக்குச் சாட்சி, மற்றொன்று பார்வை அனுபவத்துக்குச் சாட்சி. எந்தச் சாட்சி எதைப் பற்றிப் பேசுகிறது என்று குறித்துவைக்காததே தவறு.

இச்சிக்கல் அஜந்தாவோடு முடிவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் அறிவித்தார். அவரும் அவற்றைக் கண்டது விளக்கின் துணையோடுதான். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், 1930-களில் தஞ்சை, அஜந்தா இரண்டின் சுவர்ச் சாந்தையும் வண்ணப்பொருள்களையும் ஆய்ந்தார். அவருடைய அஜந்தா ஆய்வு ஐதராபாத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கையில் வெளியானது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை விளக்கு மாற்றிவிடலாம். சாந்திலிருந்து எடுத்த துகளின் வேதிப்பண்பை எந்த விளக்காலும் மாற்ற முடியாது. படிகளை மதிப்பிட நமக்குக் கிடைத்துள்ள உறுதியான அளவுகோல் அத்தகைய ஆய்வே. தஞ்சை உட்சுற்றுக்குள் பொதுமக்கள் செல்ல இயலாத நிலையில், பெரும்பாலோர் அறிந்த சோழர் ஓவியம் என்பது படிகளிலும் நிழற்படங்களிலும் உள்ளதே. அவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

களப்பணிக்குச் செல்லும் மொழியியல் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது, பேசியவரின் ஊர், வயது, பேசிய சூழல் ஆகியவற்றைக் குறிக்காமல் ஒரு சொல்லைக்கூடப் பதியாதே என்பதாகும். சூழல் இல்லாத தரவு, தரவாகாது. சுவரோவியங்களை ஆவணப்படுத்தும் நாம், அளவையும் தேதியையும் கருவியின் பெயரையும் குறிக்கிறோம். ஒளியைக் குறிக்கிறோமா? எந்த மணி, எந்தக் கதவு திறந்திருந்தது, விளக்கு எந்தப் பக்கம், என்ன வகை, தாள் எந்த ஒளியில் இருந்தது? நான்கு வரிக் குறிப்புதான். நூறாண்டு கழித்து வருபவருக்கு அதுவே பெரிய உதவியாகும். ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து அவற்றை ஒன்றிணைக்கும் கணினி முறை 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. நகரும் விளக்கின் அனுபவத்தை ஓரளவு மீட்க அதனால் முடியும்.

ஐதராபாத் அருங்காட்சியகக் கூடத்துப் படிகளை ‘மூலத்தின் சாயல்’ என்று மட்டும் பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் குறைவு. பிற்காலத் தூய்மைப்பணிக்கு முந்தைய சுவரைக் கண்ட கண்களின் பதிவு அவை. சில இடங்களில், இன்று உதிர்ந்துபோன பகுதிகளுக்கு அத்தகைய பழைய படிகளைவிட்டால் வேறு சான்று இல்லை. சையது அகமதுவைப் போன்றவர்களை வெறும் ‘நகலெடுப்போர்’ என்று ஒதுக்காமல், நம் பதிப்பு மரபு ஏடெழுதியவருக்குத் தரும் மதிப்பை அவர்களுக்கும் தரலாம். அவர்களுடைய பிழைகளையும் சான்றாகக் கொண்டு படிக்கலாம். அக்கூடத்துக்கு அடுத்த முறை செல்லும் மாணவர்கள் ஒவ்வொரு படியின் முன்னும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்: இந்த வெள்ளை சுவரின் வெள்ளையா, விளக்கின் மஞ்சளா?

சுவரோவிய ஆவணங்களிலோ பழைய படியெடுப்புக் குறிப்புகளிலோ ஒளிநிலை பற்றிய பதிவுகளைக் கண்டவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் நன்றியுடையேன்.